கொக்குத்தாங்கலின் முதல் தண்ணீர்

எந்த மண்ணில் போய் நின்றாலும் பரசுராமன் முதலில் வலது குதிகாலை அழுத்தி ஒரு சின்னப் பள்ளம் போடுவார். பிறகு காலை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளத்தில் தண்ணீர் ஊறுகிறதா, எவ்வளவு நேரத்தில் ஊறுகிறது, என்ன நிறத்தில் ஊறுகிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். கீரைப் பாத்தியில் செய்தால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். அவர் ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலிலும் செய்வார், திருவொற்றியூரில் தேர் பார்க்கப் போன இடத்திலும் செய்வார். மகள் செங்கொடியைக் காலேஜில் சேர்க்கப் போன அன்று ஆபீசுக்கு வெளியே இருந்த பூச்செடிகளுக்கு நடுவில் நின்று குதிகாலை ஊன்றினார். வாட்ச்மேன் ஓடி வந்தான்.

"இன்னா பெர்சு, செடிய மெரிச்சிகினு நிக்கிற?"

"கோச்சிக்காத தோஸ்து. உங்க காலேஜு நல்ல தண்ணி மேல கீது. அத்தச் சொல்லத்தான் நின்னேன்."

செங்கொடிக்கு அப்போது பதினேழு வயது. தொண்ணூற்றேழாம் வருடம். அங்கே வேதியியல் படித்த மூன்று வருடமும் அவள் அந்தப் பூச்செடிப் பக்கம் போகவில்லை.

பரசுராமன் பிறவி விவசாயி இல்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்தவர். மணலியில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். எண்பதாம் வருடம் நிரந்தர வேலை கேட்டு ஸ்டிரைக் நடந்தது. அது நடந்துகொண்டிருந்த மாதத்தில்தான் மகள் பிறந்தாள். பெயர் வைப்பதற்கு யாரையும் அவர் கேட்கவில்லை. ஸ்டிரைக் தோற்றது. நாற்பத்தொரு பேரைக் கேட்டுக்குள் விடவில்லை. மனைவி தாயம்மாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வாடகை குறைவான சடையங்குப்பத்துக்கு வந்து சேர்ந்தார்.

சடையங்குப்பத்துக்கு மேற்கே கொக்குத்தாங்கல். பேருக்குத்தான் அது ஏரி. பாதி பட்டாவில், பாதி புறம்போக்கில், தரை முழுக்கக் கீரைப் பாத்தி. அங்கே ராசையா, பச்சையம்மா என்று ஒரு தம்பதி கீரை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கூலிக்கு நின்று வேலை கற்றுக்கொண்டு, நான்கு வருடம் கழித்து அவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்தார் பரசுராமன். தரைக்குச் சொந்தக்காரர் ஆறுமுகநயினார். பேப்பர் எதுவும் கிடையாது. வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் குத்தகைப் பணத்தைக் கையில் வைத்தால் தரை இன்னொரு வருடத்துக்கு. வைக்காவிட்டால் அடுத்த ஆளுக்கு. ராசையா தொண்ணூற்றாறில் செத்துப்போனார். பச்சையம்மா ஒற்றை ஆளாக முப்பது சென்ட்டில் கீரை போட்டுப் பிழைத்தாள்.

கீரைத் தரைக்கு ஓய்வே கிடையாது. இருபத்திரண்டாம் நாள் வேரோடு பிடுங்கினால் இருபத்துமூன்றாம் நாள் கொத்திவிட்டு அன்று சாயங்காலமே அடுத்த விதை. ஒரு கைப்பிடி யூரியா கேட்ட பாத்தி பத்து வருடத்தில் மூன்று கைப்பிடி கேட்டது. முன்பெல்லாம் கீரைக்கட்டைக் கட்ட தாங்கலில் வளர்ந்த கோரையையே அறுத்துக்கொள்வார்கள். கோரை நின்ற இடத்தையும் பாத்தி போட்டுவிட்டதால் கட்டுவதற்கு வாழைநாரைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. விடிந்ததும் மீன்பாடி வண்டியில் கட்டுகளை அடுக்கிக்கொண்டு பரசுராமன் கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் போவார். அங்கே அப்துல் வஹாப் என்ற மொத்த வியாபாரி கட்டு ஒன்றைத் தூக்கி உதறிப் பார்த்து, "பரசு, உன் கீரை கிட்ட வந்தா உரக்கடை வாசனை வருது பா" என்பார். "வாங்குறவன் மூக்கு இல்லாதவன் பாய், நீ எண்ணு" என்பார் இவர்.

தாங்கல் கீரைத்தரை ஆனதில் இன்னொன்றும் நடந்தது. மழை வந்தால் தண்ணீருக்குத் தங்க இடமில்லை. கீரைக்காரர்கள் தங்கள் பாத்தியைக் காப்பாற்றக் கரையை உயர்த்திக்கொண்டார்கள். தண்ணீர் சுற்றிக்கொண்டு சடையங்குப்பத்து வீடுகளுக்குள் வந்தது. பரசுராமன் வீட்டுக்குள்ளும் வந்தது. அவர் கட்டிய கரையே அவர் வீட்டு அடுப்பை அணைத்ததைத் தாயம்மா வருடம் ஒருமுறையாவது சொல்லிக்காட்டுவாள்.

செங்கொடி பி.எஸ்ஸி. முடித்து ஒன்றரை வருடம் வேலை தேடி அலைந்தாள். கடைசியில் ஏரிகளை மீட்கும் ஒரு டிரஸ்ட்டில் களப்பணியாளர் வேலை கிடைத்தது. அவர்கள் கையில் எடுத்த முதல் ஏரியே கொக்குத்தாங்கல்தான். இரண்டாயிரத்து இரண்டு பங்குனியில் வீட்டுக்கு ஒரு மஞ்சள் ஃபைலுடன் வந்தாள். தாங்கலின் கீழ்ப்பகுதியில் மண் எடுத்து ஆழப்படுத்தி, கீரையை நிறுத்தி, தண்ணீருக்கு விட்டுவிட வேண்டும். விடுகிறவர்களுக்கு மூன்று வருடம் டிரஸ்ட் பணம் தரும். அப்பாவின் ஒரு ஏக்கரில் கீழ்ப்பாதி அந்த வரைபடத்துக்குள் வந்தது. இருப்பதிலேயே நல்ல பாதி அது. கோடையிலும் ஈரம் காயாது, டீசல் மோட்டார் தேவைப்படாது.

"பாதி தரைய தண்ணிக்கு வுட்டுட்டு மீதிய வச்சி இன்னா நாக்கு வயிக்கவா?" என்றாள் தாயம்மா.

"மேல் பாதிக்கு இப்ப எம்மா டீசல் ஊத்துற, நைனா?" என்று செங்கொடி அப்பாவைக் கேட்டாள். வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவாள். "கீழ தண்ணி நின்னா மேல கெணறு தானா ஊறும். டீசல் மிச்சம். உரமும் கம்மியா போடு. மூணு வருஷத்துல தரை தேறிடும். அப்பால மேல் தரை ஒண்டியே நம்புளுக்குப் போதும். நம்ப வூட்டுக்குள்ளயும் தண்ணி வராது."

"மழ வராங்காட்டி?"

"வரும் நைனா."

அந்த ஒரு வார்த்தையை எந்தக் கணக்கை வைத்துச் சொன்னோம் என்று பின்னால் அவள் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். ஃபைலில் முப்பது வருட மழை அளவின் சராசரி இருந்தது. சராசரி எந்த வருடத்திலும் பெய்வதில்லை என்பது அவளுக்குப் படித்தபோதே தெரியும்.

பரசுராமன் தாளைக் கையில் வாங்கி, தலைகீழாகப் பிடித்திருக்கிறோமா என்று மகளைப் பார்த்தார். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். அது நீளமான இங்கிலீஷ் தாள். "நீ பட்ச்சி எய்தினது தான? அப்போ சரி" என்று கையெழுத்துப் போட்டார்.

ஒப்பந்தம் இதுதான். முதல் வருடப் பணத்தில் பாதி கையெழுத்துப் போட்டதும். மீதிப் பாதி, நவம்பர் முப்பதாம் தேதி தாங்கலில் தண்ணீர் அளவுகல்லில் இருக்கும் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தால். தொடாவிட்டால் அந்தத் தரை பட்டியலிலிருந்து நீக்கப்படும். அந்த மீதிப் பாதியை வைத்துத்தான் பொங்கலுக்கு ஆறுமுகநயினாருக்குக் குத்தகை கட்ட வேண்டும். கோட்டைத் தண்ணீர் தொட்டால் மேல்தரை இவர்களுக்கு. தொடாவிட்டால் கீழும் இல்லை, மேலும் இல்லை. சிவப்புக் கோட்டைப் பெயிண்ட் டப்பாவுடன் போய் வரைந்தவள் செங்கொடி.

பச்சையம்மா சேரவில்லை. "எனுக்கு இருக்கிறது முப்பது சென்ட்டு. அத்தயும் மீனுக்கு எய்தி வச்சிட்டு நான் எங்க போறது? நீ போ, அண்ணாத்தே. உனுக்கு கலெக்டராட்டம் பொண்ணு கீது" என்றாள். அவள் தரை பரசுராமனின் கீழ்ப்பாதியை ஒட்டியே இருந்தது. நடுவில் ஒரு வரப்பு.

குத்தகை குறையாமல் வந்தால் போதும் என்று ஆறுமுகநயினார் தடுக்கவில்லை; கோடையில் மண் எடுத்தார்கள். கீழ்ப்பாதி இடுப்பளவு பள்ளமானது. கைவிட்டுப் போன வருமானத்தை ஈடுகட்ட மேல்பாதியைப் பரசுராமன் விரட்ட ஆரம்பித்தார். நடைவரப்பைக்கூடக் கொத்தி விதை தூவினார். இருபத்திரண்டு நாள் நிற்க வேண்டியதைப் பதினெட்டாம் நாள் பிடுங்கினார். உரம் குறையும் என்று ஃபைலில் இருந்தது, பாத்தியில் கூடியது. செங்கொடி அதைப் பார்த்தாள். கேட்டால் அம்மா ஏதாவது சொல்வாள் என்று கேட்காமல் இருந்துவிட்டாள்.

ஐப்பசி வந்தது. மழை வரவில்லை. ஒருநாள் தூறும், ரோட்டுப் புழுதி அடங்கும், அவ்வளவுதான். நவம்பர் பாதி போனபோது தாங்கலின் பள்ளத்தில் மாடு குடிக்கிற அளவு தண்ணீர்கூட இல்லை. நயினாரின் ஆள் ஒருவன் மேல்தரையைச் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான்.

அந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி, திங்கட்கிழமை, விடியற்காலையில் ஒரு மழை கொட்டியது. மூன்று மணி நேரம். மணலிப் பக்கத்திலிருந்து வரும் வரத்துக்கால்வாய் நிறைந்து ஓடியது.

அந்த வாய்க்கால் விஷயத்தில் கீரைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வருடத்தின் முதல் தண்ணீரைத் தாங்கலுக்குள் விடமாட்டார்கள். கோடை முழுக்க ரோட்டிலும் கன்டெய்னர் யார்டுகளிலும் கம்பெனிப் பள்ளங்களிலும் என்னென்ன தேங்கியிருந்ததோ அத்தனையையும் அந்த முதல் தண்ணீர்தான் கழுவிக்கொண்டு வரும். மதகின் மூன்று பலகைகளையும் போட்டு அடைத்து, தண்ணீரை அப்பால் இருக்கும் பெரிய கால்வாய்ப் பக்கம் போகவிட்டு விடுவார்கள். மதகுக்கு வெளியே வாய்க்கால் ஓரத்தில் ஒரு முளைக்கீரைச் செடியை வேரோடு நட்டு வைப்பார்கள். மறுநாள் காலையில் செடி தொங்கியிருந்தால் பிடுங்கிப் போட்டுவிட்டு இன்னொரு செடி. எந்த நாள் காலையில் செடி நிமிர்ந்து நிற்கிறதோ அன்றுதான் பலகையைத் தூக்குவார்கள். சாதாரணமாக மூன்று நாள் ஆகும்.

திங்கட்கிழமை பரசுராமன் செடி நட்டார். மத்தியானமே வெயில் அடித்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் செங்கொடி அளவுகல்லைப் பார்க்க வந்தபோது அப்பா மதகின்மேல் குந்தியிருந்தார். செடி தலை தொங்கிக் கிடந்தது. வாய்க்கால் தண்ணீர் முந்தின நாளைவிட ஒரு சாண் இறங்கியிருந்தது. மேலே நீலமும் ஊதாவுமாக எண்ணெய் மினுங்கியது.

"ரேடியோல இன்னா சொன்னான்?"

"நாலு நாளிக்கு மழ இல்லியாம், நைனா."

"நாளிக்கு இந்தத் தண்ணி மதகு மட்டத்துக்குக் கீய பூடும். அப்பால தொறந்தா உள்ள வராது."

"உம்."

"கோடு பாக்க டிரஸ்ட்டுகாரங்கோ என்னிக்கு வராங்க?"

"சனிக்கெயம."

அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு மகளைப் பார்த்தார். "நீ பட்ச்சவ. நீ சொல்லு. தொறக்கட்டா?"

செங்கொடியின் தோள்பையில் டிரஸ்ட் கொடுத்த சோதனைப் பெட்டி இருந்தது. அதில் தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறும் மஞ்சள் தாள் சுருள் ஒன்று. உப்பைக் காட்டாது, எண்ணெயைக் காட்டாது. அமிலம் இருந்தால் சிவக்கும். ஒரு நிமிட வேலை. அவள் கை பையின் வார்மேல் இருந்தது. தாள் சிவந்துவிட்டால் திறக்கக்கூடாது என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டிவரும். சொன்னால் கோடு காய்ந்து கிடக்கும். பையை அவள் திறக்கவில்லை.

"உனுக்குத் தெரியாதா, நைனா? நீ பார்த்து செய்" என்றாள்.

அப்பாவின் அனுபவத்துக்கு மரியாதை கொடுத்துப் பேசிய மாதிரிதான் அது அப்போது அவளுக்கே கேட்டது.

அவர் முதல் பலகையில் கை வைத்தபோது பச்சையம்மா பாத்தியிலிருந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள்.

"யோவ் அண்ணாத்தே! இன்னா காரியம் பண்ணிகினு கீற? செடி தொங்கிகினு கீது, கண்ணு அவிஞ்சி பூட்ச்சா?"

"மழ இனிமே வராது, பச்சம்மா. இத்த வுட்டா ஒண்ணியும் கெடிக்காது."

"கெடிக்காங்காட்டி போவட்டும்! கெடைச்சுதேன்னு கஸ்மாலத்த வூட்டுக்குள்ள ஊத்திக்குவியா?"

"ஒரே ஒரு பலக. கோடு தொட்டதும் போட்டு அடச்சிடுவேன்."

"உன் கோடுக்குத் தண்ணி. என் வரப்புக்கு இன்னா வரும்?" என்று கேட்டுவிட்டு அவள் செங்கொடியைப் பார்த்தாள். "ஏம்மா, நீயாச்சும் சொல்லக்கூடாது?"

செங்கொடி அளவுகல்லைப் பார்ப்பதற்காகக் கரையோரம் நடந்து போய்விட்டாள்.

ஒரு பலகைக்குத் தண்ணீர் மெதுவாக வந்தது. மத்தியானம் இரண்டாவதை எடுத்தார். சாயங்காலம் மூன்றாவது. புதன்கிழமை காலையில் வாய்க்கால் வடிந்துபோனது. தாங்கலில் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு மேலே இரண்டு விரல்கடை நின்றது.

சனிக்கிழமை டிரஸ்ட்டின் பொறுப்பாளரும் பணம் கொடுக்கிற இடத்திலிருந்து இரண்டு பேரும் வேனில் வந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் எட்டு ஏரிகளைப் பார்த்து வந்ததாகவும் தண்ணீர் நிற்பது இங்கே மட்டும்தான் என்றும் சொன்னார்கள். பரசுராமனை அளவுகல் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். ஒரு கொக்கு வந்து தண்ணீரோரத்தில் இறங்கியது; அதையும் எடுத்தார்கள். அது இறங்கிய வேகத்திலேயே எழுந்து போய்விட்டது. தண்ணீரின் தரம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று செங்கொடி கேட்டாள். "சோதனை நிலுவையில்னு போடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் பொறுப்பாளர். அப்படியே எழுதினாள்.

மீதிப் பணம் பத்து நாளில் வந்தது. குத்தகை கட்டியாயிற்று. தரை இன்னொரு வருடத்துக்கு அவர்களுடையது.

அதற்குள் பச்சையம்மாவின் முப்பது சென்ட்டில் கீரை கருகத் தொடங்கியிருந்தது. முதலில் இலை நுனி, பிறகு ஓரம், பிறகு தண்டே துவண்டு வழுவழுவென்று ஆனது. வரப்பு வழியாகத் தாங்கல் தண்ணீர் கசிந்து அவள் பாத்திகளில் வெள்ளையும் மஞ்சளுமாகப் படிந்து நின்றது. பிடுங்கிவிட்டு மறுபடி விதைத்தாள். முளைக்கவில்லை. மூன்றாம் தடவை விதைத்தது முளைத்து, இரண்டு இலை விட்டு, செத்தது.

அவள் வந்து சண்டை போடுவாள் என்று தாயம்மா இரண்டு நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் வந்தாள். சத்தமே போடவில்லை. வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வா, பச்சம்மா" என்றார் பரசுராமன்.

"இர்க்கட்டும். ரெண்டு வெதைப்பு போச்சி, அண்ணாத்தே. மூணாவதும் போச்சி. மூணாவது நானே தெரிஞ்சி போட்டது, அத்த நான் கேக்கல. ரெண்டு."

அவர் எழுந்து நின்றார். "துட்டு குடுத்தா வாங்கிக்குவியா?"

"உங்கிட்ட ஏது துட்டு? எல்லாத்தயும் குத்தகைக்குக் கட்டிட்டன்னு சொன்னாங்கோ."

"என் மேல்தரைய எட்த்துக்கோ. பொங்கல் கயிச்சி ரெண்டு வெதைப்பு உன்னுது. வெத உன்னுது, தரை என்னுது, தண்ணி என்னுது, ஒழைப்பும் நானே ஒழைக்கிறேன். நீ வந்து புட்ங்கிகினு போ."

"பேச்சி மாற மாட்டியே?"

"நான் கம்பெனிக்காரனா, பேச்சி மார்றதுக்கு?"

அவள் அன்றைக்குத்தான் சிரித்தாள். "ராசையா எட்த்து வெச்ச வெத, அத்தயே வருஷா வருஷம் எட்த்துகினு வரேன். நல்ல வெத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொங்கல் கழிந்தது. மேல்தரையில் பாத்தி கட்டித் தயாராக வைத்தார். மோட்டாரைப் போட்டுக் கிணற்றுத் தண்ணீரை விட்டார். இரண்டாம் நாள் பாத்தியின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. கீழே தண்ணீர் நின்றால் மேலே கிணறு ஊறும் என்று செங்கொடி சொன்னது பலித்தது. ஊறியது அந்தத் தண்ணீர்.

செங்கொடி ஆபீசில் இருந்த ஒரு பெரியவரைக் கேட்டு வந்து, நல்ல தண்ணீரை இரண்டு மூன்று முறை தேக்கி வடித்தால் மேல்மண்ணைக் கழுவிவிடலாம் என்றாள். அந்த வருடம் சென்னையே குடத்தோடு லாரிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. சோழவரம் பக்கத்துக் கிணறுகளிலிருந்து தண்ணீர் லாரி வாங்கலாம். பத்துப் பாத்தியைக் கழுவி ஒரு வெதைப்பு எடுக்க மட்டும் ஆறு லாரி. அந்தக் கீரையை விற்றால் இரண்டு லாரிக்குத்தான் காணும்.

"இன்னா பொயப்பு இது? அஞ்சு ரூபா கீரைக்கு அம்பது ரூபா தண்ணியா?" என்றாள் தாயம்மா. "அவகிட்ட போயி நெலமையச் சொல்லு. பச்சையம்மா ஒண்ணும் பேயி இல்ல. கேட்டுக்குவா."

"கேட்டுக்குவா. அதுக்குதான் சொல்லல" என்றார் அவர்.

மாசி மாதத்தில் பரசுராமன் மறுபடி மணலிப் பக்கம் வேலைக்குப் போனார். இருபத்துமூன்று வருடம் கழித்து. ஒரு காண்ட்ராக்டர் கம்பெனிகளின் கழிவுத் தொட்டிகளைச் சுத்தம் செய்ய ஆள் எடுத்துக்கொண்டிருந்தான். வயசு ஐம்பத்திரண்டு என்றதும் யோசித்தான். வேறு ஆள் வராததால் எடுத்துக்கொண்டான். தொட்டி காலியாகும்போது அடியில் படிந்த சேற்றை வாளியில் அள்ளிக் கொடுப்பது வேலை. கையுறை கிடையாது. வீட்டுக்கு வந்தால் தாயம்மா முற்றத்திலேயே உட்காரவைத்து அரப்புப் போட்டுத் தேய்ப்பாள். அப்படியும் அந்த நாற்றம் போகாது. அது எந்த நாற்றம் என்று செங்கொடிக்குத் தெரிந்திருந்தது. நவம்பரில் மதகுப் பக்கம் அடித்தது அதுதான்.

"நைனா, வேணாம். என் சம்பளத்துல லாரி வாங்கலாம்" என்றாள்.

"உன் சம்பளத்துல வூடு ஓடுது. இது நான் சொன்ன பேச்சி."

"தப்பு என்னுது, நைனா. நான் அந்த தாளை எட்த்துப் பார்த்திருக்கணும்."

"இன்னா தாளு?"

அவள் சொன்னாள். மஞ்சள் சுருளைப் பற்றி, ஒரு நிமிடம் ஆகியிருக்கும் என்பதைப் பற்றி, பையைத் திறக்காததைப் பற்றி. அவர் முழுதாகக் கேட்டார். கோபப்படுவார், அல்லது பரவாயில்லை என்பார் என்று இரண்டில் ஒன்றை அவள் எதிர்பார்த்தாள்.

"செடிதான் தொங்கிகினு இர்ந்துதே, கண்ணு. அத்தப் பார்க்காதவன் உன் தாளையா பார்த்திருக்கப் போறேன்?" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

நான்கு லாரிக்குப் பணம் சேர்ந்தது. முதல் மூன்று லாரித் தண்ணீரில் ஐந்து பாத்தியைக் கழுவி வடித்தார். நான்காவதை அதே பாத்திகளில் விட்டுத் தேக்கினார். உப்புப் பூப்பது குறைந்தது. சித்திரை பிறந்ததும் விதைக்கலாம் என்று பச்சையம்மாவிடம் சொல்லி அனுப்பினார். அவள் வந்து பாத்திகளைப் பார்த்தாள். "அண்ணாத்தே, சொம்மா சொல்லக்கூடாது. மாப்ள வூட்டுக்கு மெயுகி வெச்சாப்ல கீது" என்று கேலி செய்துவிட்டுப் போனாள்.

பங்குனி கடைசி வாரத்தில் ஒரு தொட்டிக்குள் மூன்று பேர் இறங்கினார்கள். முதலில் இறங்கியவன் மயங்கி விழுந்தான். அவனைத் தூக்கப் பரசுராமன் இறங்கினார், அவருக்குப் பின்னால் இன்னொருவன். கயிறு கட்டி இழுத்ததில் மேலே உயிரோடு வந்தவன் முதலில் விழுந்தவன் மட்டும்தான். ஆஸ்பத்திரிக்கு லாரியில் கொண்டுபோனார்கள். காண்ட்ராக்டர் கொடுத்த தாளில் எந்தக் கம்பெனியின் தொட்டி என்று இல்லை. வேலை நேரத்தில் உடல்நலக் குறைவு என்று இருந்தது. ஸ்டிரைக்கில் கூட நின்ற பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்து கம்பெனி கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததில் கொஞ்சம் பணம் கிடைத்தது. தாயம்மா அதைத் தொடவில்லை. அலமாரியில் புத்தர் படத்துக்குக் கீழே அப்படியே வைத்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாள் ஆறுமுகநயினார் வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "தரை பரசுகிட்ட பேசினது. அவரே இல்ல. நீங்க ரெண்டு பொம்பளைங்க இன்னா பண்ணப் போறீங்கோ? மிச்ச நாளுக்கு உண்டான குத்தகைய திருப்பிக் கொடுத்திடறேன்."

"ரெண்டு வெதைப்பு ஒண்டி போட்டுக்கிறோம். நாப்பத்திநாலு நாளு. அப்பால குடுத்திடறோம்" என்றாள் செங்கொடி.

"கன்டெய்னர் யார்டுக்குக் கேட்டுக்கினு கீறாங்க, கொயந்தே. திங்கக்கெயம மண்ணு அடிக்க லாரி வருது."

லாரி வந்தது. மேல்பாதியில் கப்பிக்கல்லும் சாம்பலும் கொட்டி மட்டம் பண்ணினார்கள். கழுவி வைத்திருந்த பாத்தியும் அதற்குள் போனது. பச்சையம்மாவின் முப்பது சென்ட்டையும் அதன் சொந்தக்காரர் அந்த யார்டுக்கே கொடுத்துவிட்டார். எதுவும் விளையாத தரைக்கு அதைவிட நல்ல விலை கிடைக்காது என்றார்கள். தாங்கலின் கீழ்ப்பாதியில் அந்தத் தண்ணீர் கோடை முழுக்க வற்றி, பச்சைப் பாசியாகி, காய்ந்து வெடித்தது. டிரஸ்ட்டின் ஆண்டறிக்கையில் அப்பாவும் அளவுகல்லும் இருக்கும் போட்டோ அச்சானது. முதலாண்டு இலக்கு எட்டப்பட்டது என்ற வரியை எழுதிக் கொடுத்தவளும் செங்கொடிதான். அவள் எழுதிய அடுத்த தாள் ராஜினாமா.

தாங்கலுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதில் அவளுக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. இரண்டாயிரத்து ஐந்து மழையில் சடையங்குப்பம் கழுத்தளவு மூழ்கியபோது அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு படகில் போனவள் அவள். ஆனால் தண்ணீருக்கு இடம் விடச் சொன்னவர்களில் யாருடைய சோறும் அந்த இடத்தில் விளையவில்லை, தன்னுடைய சம்பளம் உள்பட. இந்த இரண்டையும் ஒரே தாளில் எப்படி எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அலமாரியிலிருந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அவள் பச்சையம்மாவைத் தேடிப் போனது அந்த வெள்ளத்துக்கு அடுத்த வருடம். அப்துல் வஹாபின் கடைக்கு எதிரே தார்ப்பாயை விரித்துப் பச்சையம்மா கீரை விற்றுக்கொண்டிருந்தாள். எங்கோ செங்குன்றம் பக்கம் விளைந்ததை வஹாபிடம் வாங்கி, பிரித்துச் சின்னக் கட்டாகக் கட்டி விற்பது.

"வாம்மா. அம்மா எப்டி கீது?" என்று பக்கத்தில் சாக்கை விரித்தாள். செங்கொடி நீட்டிய பணக் கவரைப் பார்த்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாங்கிக்கோ, அத்தே."

"இன்னாத்துக்கு?"

"நைனா உனுக்கு..."

"உங்க நைனா துட்டு தரேன்னு சொல்லல. நானும் கேக்கல. ரெண்டு வெதைப்பு தரேன்னாரு. இத்த வாங்கினா அது பூடும். வாணாம்."

"மூணு எடத்துல கேட்டுட்டேன், அத்தே. நாப்பத்திநாலு நாளைக்குன்னு யாரும் தரை தர மாட்றாங்க. வருஷக் குத்தகைக்கு எங்கிட்ட இல்ல."

"நான் உன்ன கேட்டனா? அவரத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பச்சையம்மா கீரையின்மேல் தண்ணீர் தெளித்தாள்.

செங்கொடி எழுந்துபோகாமல் உட்கார்ந்திருந்தாள். கட்டு கட்ட வாழைநாரைக் கிழித்துக் கொடுத்தாள். கீரை வாங்க வந்த ஒரு பெண்மணி இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உன் பொண்ணா, பச்சம்மா? பட்ச்ச பொண்ணாட்டம் கீது" என்று கேட்டாள்.

"என் பொண்ணு இல்ல" என்றாள் பச்சையம்மா, சில்லறையை எண்ணிக் கொடுத்துக்கொண்டே. "எனுக்கு ரெண்டு வெதைப்பு பாக்கி வெச்சிகினு கீறவரு பொண்ணு."